"வெள்ளையாக்கி விடுண்ணே": படத் திருத்தமும் நம் முகங்களும்

அப்பத்தா செத்த அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா மகன் ஒரு கல்யாண ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். விடிவதற்குள் ஃபிளெக்ஸ் அடித்துத் தெரு முக்கில் கட்டியாக வேண்டும். எண்பது வயசுக்குப் பக்கமாக வாழ்ந்த மனுசிக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தில் மூக்கு எது, நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. 1994-இல் நடந்த அத்தை கல்யாண ஆல்பத்தில், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் மூன்றாவது ஆளாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அப்பத்தா நின்றது. அதுதான் கிடைத்தது.

ஸ்கேன் பண்ணினேன். இத்தனை வருசத்தில் படம் ஒரே செவப்பாய்ப் போயிருந்தது. கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள் இருக்கும். அதில் ஒன்று முந்திக்கொண்டு வெளிறினால் மிச்சம் இப்படித்தான் நிற்கும். செவப்பைக் குறைத்து, இருட்டைக் கொஞ்சம் தூக்கியதும் அப்பத்தா முகம் திரையில் எழும்பி வந்தது. தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுண்ணே. நாளைக்கு வெளியூர்ச் சனமெல்லாம் வரும்."

ஆக்கினேன். நிறம் பற்றி மேடையில் பேசியவன், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதியவன், ராத்திரி பதினொரு மணிக்கு என் சொந்த அப்பத்தாவை வெளுத்தேன். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு: "இது மூலத்தை அழிக்காத திருத்தம்தானே. அடியில அப்பத்தா அப்படியே இருக்கு. லேயரை அணைச்சா வந்துரும்." அந்தச் சமாதானத்தைத்தான் இங்கே விசாரிக்க வேண்டும்.

படத் திருத்த மென்பொருள் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது. தொடக்கத்தில் ஒரு படத்தை வெளுத்தால் வெளுத்ததுதான். புள்ளிகளின் மதிப்பே மாறிவிடும், சேமித்து மூடிவிட்டால் பழையது போச்சு. 1996-இல் வந்த நான்காம் பதிப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்று ஒன்று வந்தது. படத்தின்மேல் கலர்க் கண்ணாடியை வைத்துப் பார்ப்பது மாதிரி என்று வையுங்கள். கண்ணாடியைத் திருகலாம், எடுக்கலாம், பாதியை மறைக்கலாம். அடியில் கிடக்கும் படம் அசையாது. 2007-இல் வந்த லைட்ரூம் இன்னும் ஒரு எட்டு தள்ளிப் போனது. படத்தைத் தொடவே தொடாது. "இவ்வளவு ஒளி கூட்டு, இந்த நிறத்தை இவ்வளவு தள்ளு" என்று கட்டளைகளை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். கேமராவின் ரா ஃபைல், வந்தது வந்தபடி பத்திரமாக இருக்கும். இன்றைக்கு இந்த வசதிக்குக் காசு கொடுக்க வேண்டியதுகூட இல்லை. டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். கிம்ப்பும் இலவசம், 2025 மார்ச்சில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் மூலத்தை அழிக்காமல் ஃபில்டர் போட முடிகிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. தப்புப் பண்ணினால் திரும்பி வரலாம். மறு யோசனைக்கு இடம் வைக்கிற கருவிகளை நான் மதிக்கிறேன். நம் ஊர்ச் சட்டங்களில்கூட அவ்வளவு இடம் கிடையாது.

ஆனால் "மூலம்" என்கிறார்களே, அந்த மூலத்துக்குள் எங்கள் முகம் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கரிசல்காட்டு ஆளை, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். ஒளிமானி வேட்டிக்கும் சுவருக்கும் கணக்குப் பார்த்துவிடும். முகம் இருட்டில் விழும். சரி, பின்னால் தூக்கிக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு பந்தி வரிசை இருக்கிறது. 12 பிட் ரா ஃபைலில் 4096 படிகள் உண்டு. அதில் மிக வெளிச்சமான பகுதிக்கு மட்டும் 2048 படி. அதில் பாதி வெளிச்சம் உள்ள பகுதிக்கு 1024. அடுத்து 512, 256, 128 என்று இறங்கிக்கொண்டே போகும். வேட்டியின் மடிப்புக்கு ஆயிரக்கணக்கில் படிகள். கன்னத்துக்கும் கண்குழிக்கும் கடைசிப் பந்தியில் மிஞ்சியது. ரா ஃபைல் இல்லாமல் போனில் எடுத்த சாதாரண ஜேபெக் என்றால் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படி. இருட்டைத் தூக்கினால் முகம் வராது, புள்ளி புள்ளியாகப் பொரிதான் வரும். இது இயற்பியல், இதில் சாதி இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். வேட்டிக்கு ஏற்றபடி ஒளியை வைப்பதா, முகத்துக்கு ஏற்றபடி வைப்பதா என்று முடிவு செய்கிற விரல் இயற்பியலில் வராது.

உலகம் முழுக்க இந்த விரல் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. கலர் லேப்களில் நிறம் சரியாக விழுகிறதா என்று ஒத்துப் பார்க்க, கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பியது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. கருப்புத் தோல் விழாததைப் பற்றிக் கருப்பர்கள் புகார் சொன்னபோது அசையாத கம்பெனி, சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் செய்கிறவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்த முனைந்தது என்று இதை ஆய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனுசன் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் நாற்காலிக்குக் கிடைத்தது. மொசாம்பிக்குக்கு 1970-களின் பிற்பகுதியில் போன சினிமாக்காரர் கோதார், கோடாக் ஃபிலிம் இனவெறி பிடித்தது, அதை வைத்து இங்கே எடுக்க மாட்டேன் என்றார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கருப்பர்கள் சுமந்தே தீர வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்டு கேமரா பயன்பட்டது. 1970-இல் அமெரிக்காவில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் எதிர்ப்புக் கிளப்பினார்கள். 1977-இல் போலராய்டு அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. கேமராவை எதிர்த்துப் போராட்டம் நடத்தலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஷெர்லி அட்டை தேவைப்படவில்லை. பென்சில் போதுமாக இருந்தது. பழைய கருப்பு வெள்ளை ஸ்டுடியோக்களில் நெகட்டிவில் டச்சப் செய்வார்கள். கருத்த முகம் நெகட்டிவில் மெலிந்து, தெளிந்து கிடக்கும். அதன்மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் ஒளி தடைபடும், பிரிண்டில் வெளுப்பாக விழும். கருப்பைப் பூசித்தான் வெளுப்பை வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் போட்டோ ஸ்டுடியோ வேலையும் பார்த்தார்கள், சிவகாசிக் காலண்டருக்குச் சாமி படமும் வரைந்தார்கள். இந்தச் சீமையில் சாமியின் கன்னமும் மாப்பிள்ளையின் கன்னமும் ஒரே பட்டறையில் மினுங்கின என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

டச்சப்பைவிட முக்கியமான சங்கதி, நெகட்டிவ் யாரிடம் இருந்தது என்பது. கையில் தருவது பிரிண்டை மட்டும். மறுபடி வேண்டுமென்றால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் பலருக்குப் படம் என்று முதலில் ஒன்று எடுக்கப்பட்டதே 1993-க்குப் பிறகு வந்த வாக்காளர் அட்டைக்காகத்தான். அதற்கு முன்னால் கல்யாணத்தில், பட்டாளத்துக்குப் போனவன் வீட்டில் ஒன்றிரண்டு. அவற்றின் நெகட்டிவ்கள் எல்லாம் ஸ்டுடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது குப்பைக்குப் போயின. ஆகவே லேயரை அணைத்தால் மூலம் வந்துவிடும் என்கிற பேச்சு, மூலத்தை வைத்திருக்கிறவனுக்குத்தான் பொருந்தும். எங்களிடம் இருந்தது லேயர் மட்டுமே.

திருச்சுழியையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் பிறந்து மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட மனிதர் ரமண மகரிஷி. 1879-இல் இங்கே பிறந்தார். பிறந்த வீடு இன்றும் சுந்தர மந்திரம் என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. திருவண்ணாமலையில் அவரைச் சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி படம் படமாக எடுத்திருக்கிறார். 1946-இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த முகப்படம் உலகமெல்லாம் போயிருக்கிறது. கோவணம் கட்டிய கிழவர். நரையும் சுருக்கமும் தெரிகிற முகம். ஆசிரமம் படங்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, தொகுப்பாகவே வெளியிட்டிருக்கிறது. அவர்மீது எனக்கு வழக்கில்லை. ஆனால் கவனியுங்கள்: மூலம் அழியாமல் இருக்க ஒரு நிறுவனம் வேண்டும், அலமாரி வேண்டும், அந்த முகத்தை அப்படியே பார்ப்பதுதான் மரியாதை என்று நம்புகிற கூட்டம் வேண்டும். ஃபோட்டோஷாப் வருவதற்கு வெகுகாலம் முந்தியே அவர் முகத்துக்கு "அழிக்காத திருத்தம்" வாய்த்துவிட்டது. அதே ஊரில், அதே வெயிலில் களை வெட்டிய அப்பத்தாவுக்கு ஓர் ஆல்பத்தின் ஓரம்.

இனி நம் பக்கம். செப்டம்பர் வந்தால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் வழியாகப் பரமக்குடி வரைக்கும் ஃபிளெக்ஸ் தட்டிகள். 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இமானுவேல் சேகரனின் முகம் வருசத்துக்கு வருசம் வெளுத்துக்கொண்டே வருகிறது. ஒருவர் வெளுத்ததை இன்னொருவர் எடுத்து மேலும் வெளுக்கிறார். ஜேபெக்கிலிருந்து ஜேபெக், அதிலிருந்து வாட்ஸ்அப். ஒவ்வொரு கை மாறும்போதும் மீசை முடி மெழுகாகிறது. எந்த லேயரை அணைத்தும் திரும்ப முடியாது. கீழே நிற்கிற பையன்களின் படமோ இன்னும் வேடிக்கை: முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெளுத்திருப்பார்கள், கும்பிடுகிற கை கருப்பாகவே இருக்கும். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவித ஆறுதல். உண்மை சொல்ல ஓர் உறுப்பாவது மிஞ்சியிருக்கிறதே.

அம்பேத்கர் படமும் அப்படித்தான். நமக்குப் பழகிய அவர் படங்கள் எல்லாம் கருப்பு வெள்ளை. கோட்டுக்கு நீலம் போட்டது ஓவியன். நீலம் நம் அரசியலின் நிறம், நாம் அறிந்து தேர்ந்துகொண்டது. அதில் எனக்கு முரண்பாடில்லை. ஆனால் முகத்துக்கு ரோஜா நிறம் கொடுத்தது யார்? எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டோம்?

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது வசதியான கட்டுரை. கருப்பு அழகு, வெளுப்பது அடிமைத்தனம், கைதட்டு. நிறுத்த முடியாதபடி ஒரு மதினி குறுக்கே வந்தது.

எங்கள் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பெரிய பிழைப்பு. மூட்டம் பிரிக்கிற நேரத்தில் ஆள் முழுக்கக் கரியாக இருக்கும். சில வருசத்துக்கு முந்தி வெளியூரிலிருந்து வந்த ஒரு புகைப்படக் கலைஞர் மதினியைப் படம் எடுத்தார். நல்ல மனுசர், நம் இயக்கங்களோடு பழகியவர். கருப்பு வெள்ளைக்கு மாற்றி, கான்ட்ராஸ்டை ஏற்றி, கிளாரிட்டியை இழுத்து, கன்னத்துச் சுருக்கமெல்லாம் வெடித்த கண்மாய் மாதிரி ஆக்கியிருந்தார். கண்கள் மட்டும் வெள்ளையாக எரியும். கண்காட்சியில் வைத்தார்கள். நான்தான் அதைப் புகழ்ந்து எழுதினேன். "தலித் உடலின் கலகம்" என்றெல்லாம் எழுதிய ஞாபகம்.

அச்சான பக்கத்தைக் கொண்டுபோய் மதினியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது. "இம்புட்டுக் கருப்பாவா இருக்கேன் நானு? படம் எடுக்குறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா குளிச்சிட்டு, மஞ்சச் சேலை கட்டிட்டு வந்திருப்பேன்ல" என்றது. எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் எந்த வளைகோட்டை மேலே தள்ளி அப்பத்தாவை வெளுத்தேனோ, அதே வளைகோட்டைக் கீழே தள்ளி இவர் மதினியைக் கருப்பாக்கியிருக்கிறார். இரண்டு பேரும் மூலத்தை அழிக்கவில்லைதான். அவரிடம் ரா ஃபைல் பத்திரமாக இருக்கிறது. கேட்டபோது அதுதான் முறை என்று பெருமையோடு சொன்னார். மதினியிடம் என்ன இருக்கிறது? பத்திரிகையில் ஒரு பக்கம்.

அதே மதினி, போன தை மாசம் மகள் படத்தைப் பொண்ணு பார்க்க அனுப்ப வேண்டும், வெளுத்துக் கொடு என்று வந்தது. நான் வியாக்கியானத்தை ஆரம்பித்தேன். சிவப்பழகுக் கிரீம் 1975-இல் வந்தது, 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது என்றெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது: "நீ கருப்பா இருக்கிறது உனக்கு அரசியலு கொழுந்தனாரே. பொண்ணு பாக்க வர்றவன் ஒங்க கட்டுரையப் படிச்சிட்டா வர்றான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. வெளுப்பை விரும்புகிறவர்களை ஏமாந்த சனம் என்று பேசுகிற விமர்சனத்தில், எடுத்த எடுப்பிலேயே ஆளை எடைபோட்டுவிடுகிற மேட்டிமை ஒன்று இருக்கிறது. 1992-இல் பாமாவின் கருக்கு வந்தபோது, தெருப் பேச்சை இப்படியே அச்சில் போடலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த மொழியைத் திருத்தாமல் விட்டது கலகமாக இருந்ததற்குக் காரணம், விட்டது எழுதியவரின் முடிவு என்பதுதான். வேறொருவர் நம் பேச்சைக் கொச்சையாக்கி எழுதிக்காட்டினால் அது கலகமா? படத்துக்கும் அதே அளவுகோல். எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதைவிட அந்த ஸ்லைடரில் யார் கை இருக்கிறது என்று கேட்கிறபோதுதான் எனக்கு மதினி முகத்தைப் பார்க்க முடிகிறது.

வேலை செய்கிற தோழர்களுக்காக என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒளி குறைவாக விழுந்ததைத் தூக்குவது வேறு, தோலை வெளுப்பது வேறு. முதலாவதை முழுப் படத்துக்கும் கர்வ்ஸ் போட்டுச் செய்யலாம். கை, கழுத்து, முகம் எல்லாம் சேர்ந்து வரும். இரண்டாவதற்கு ஆரஞ்சு நிறத்தை மட்டும் பிடித்து மேலே தள்ளுவார்கள். நம் தோல் எந்த நிறமானாலும் கம்ப்யூட்டருக்கு அது ஆரஞ்சுக்குள்தான் வரும். அதைத் தள்ளினால் முகத்துக்குப் பூசிய மஞ்சளும் பக்கத்தில் இருக்கிற மண்பானையும் சேர்ந்து வெளிறும். வெள்ளை நிறத்தைச் சரி பார்க்க வேட்டியைத் தொடுங்கள், பல்லைத் தொடாதீர்கள். படம் எடுக்கும்போதே முகத்துக்கு ஒளி வைத்தால் பாதி வேலை மிச்சம். வேட்டி கொஞ்சம் வெந்து போனால் போகட்டும். பழைய படங்களைத் தானாகச் சீராக்குகிறேன் என்கிற ஏஐ செயலிகளிடம் ரொம்பக் கவனம். அவை தெளிவில்லாத கண்ணைத் தெளிவாக்குவதில்லை, வேறு யாரோ கண்ணைக் கொண்டுவந்து வைக்கின்றன. ஸ்கேன் செய்ததை ஒன்றும் பண்ணாமல் தனியாகச் சேமித்து, படத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் இப்படி நூற்றுச் சொச்சம் படம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்ந்திருக்கிறது. அலமாரி வாங்க வேண்டும்.

அப்பத்தா விசயத்துக்கு வருகிறேன். கருமாதி அன்றைக்கு நரிக்குடிப் பக்கத்திலிருந்து அப்பத்தாவின் தங்கச்சி வந்திருந்தது. மாலை போட்டு வைத்திருந்த சட்டப்படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கக்கா நெத்திப் பச்சை எங்கடா?" என்றது. எனக்கு ஒரு நிமிசம் புரியவில்லை. அப்பத்தாவுக்குப் புருவ மத்தியில் பச்சை குத்திய பொட்டு ஒன்று உண்டு. சின்ன வயசில் குறத்தி குத்தியது. ராத்திரியோடு ராத்திரியாகப் புள்ளி நீக்குகிற கருவியை முகத்தில் ஓட்டியபோது, பிரிண்டில் விழுந்த தூசோடு அதுவும் போயிருக்கிறது. கருவிக்கு அது அழுக்கு. எனக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

சின்ன அப்பத்தாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஃபைலைத் திறந்தேன். புள்ளி நீக்கியது தனி லேயரில் இருந்ததால் அணைத்ததும் பொட்டு வந்துவிட்டது. கிழவி திரையைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் வெளுப்பு லேயரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். "இன்னும் கொற... இன்னும்... நில்லு. போதும்." அசலைவிடக் கொஞ்சம் வெளுப்பிலேயே நிறுத்தச் சொன்னது. "அவ கல்யாணத்துக்கு மஞ்ச பூசித்தான் வந்தா, எனக்குத் தெரியும்" என்றது. அந்தப் படம்தான் இப்போது சட்டத்தில் இருக்கிறது.

ஃபிளெக்ஸ் கடைக்கு அன்றைக்கு நான் அனுப்பியது எல்லா லேயரையும் ஒன்றாக்கிய ஜேபெக். பத்துக்கு ஆறு அடித் தட்டி. கருமாதி முடிந்து கழற்றியதும் சித்தப்பா அதை வீணாக்க மனசில்லாமல் ஆட்டுக்கொட்டகைக் கூரைமேல் விரித்துக் கல் வைத்துவிட்டார். நெற்றியில் ஒன்றுமில்லாத வெள்ளை முகம். இரண்டு ஐப்பசி மழை பார்த்தும் சாயம் இன்னும் போகவில்லை.